மருத்துவமனைக்கு வரும் வழி

முதுகுத் தண்டுவடம் நைந்து கைகால் செயலற்றுப்போன மனிதர் சிறுநீரகம் கெட்டோ படுக்கைப் புண் சீழ் கொண்டோ வெகு விரைவில் இறந்துபோவார் என்பதே இரண்டாம் உலக யுத்தம் வரையில் மேல்நாட்டு வைத்தியர்களிடையேகூடப் பெரும்பான்மையான அபிப்பிராயமாக இருந்தது. 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் தமது தண்டுவடப் பிரிவைத் தொடங்கி, நோயாளியை இரவும் பகலும் வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதையும், சிறுநீர்ப் பையைச் சுத்தத்தோடு பராமரிப்பதையும், எழுந்து உட்கார்ந்து ஒரு தொழிலைச் செய்ய அவரைப் பழக்குவதையும் மீறமுடியாத நியமங்களாக ஆக்கிக் காட்டிய பிறகுதான் அந்த அபிப்பிராயம் அசையத் தொடங்கியது. இன்று தென்னை மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்த இருபது வயது வாலிபர், பராமரிப்பு ஒழுங்காக அமைந்தால், இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்வார் என்று அவர் தாயாரிடம் நாம் நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. ஆயுள் நீண்டது மகத்தான காரியம். ஆனால் அத்தனை ஆண்டுகளும் அவர் வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டியவராக இருக்கிறார் என்பதும், எதில் ஏறி எவ்விதம் போவார் என்பதும் மறுவாழ்வு மருத்துவமாகிய நமது துறை தனது கேள்வியாக இன்னும் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளாத விஷயங்கள்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாம் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் அளவு இருக்கும். கதீட்டரின் எண் இருக்கும். எந்த வகை மெத்தை, எத்தனை மணிக்கொரு தரம் புரட்டுதல், எந்த மூட்டுக்கு என்ன பயிற்சி என்பதெல்லாம் இருக்கும். கடைசி வரியில் மூன்று மாதம் கழித்து ரிவியூவுக்கு வரும்படி ஒரு கட்டளையும் இருக்கும். அந்தக் கட்டளையை நிறைவேற்ற அவர் எத்தனை மைல் கடக்க வேண்டும், யார் தூக்கி ஏற்றுவார்கள், வண்டிக்கு என்ன வாடகை, வழியில் சிறுநீர் எடுக்க எங்கே நிறுத்துவார்கள் என்பவற்றை எழுத அந்தச் சீட்டில் இடமே இல்லை. குறித்த நாளில் அவர் வராதபோது, அறிவுரையைப் பின்பற்றாதவர் என்று சர்வ சாதாரணமாகக் குறித்துவிட்டு அடுத்த கோப்பைத் திறக்கிறோம். பிரயாணம் என்பது சிகிச்சைக்குப் புறம்பான குடும்ப ஏற்பாடு என்ற எண்ணமே இதற்கு மூலகாரணம். அந்த எண்ணம் தவறானது என்பது நமது உறுதியான கருத்து. இத்தகைய தேகத்துக்குப் பிரயாணம் என்பது அளவும் அபாயமும் பக்க விளைவும் உடைய ஒரு செயல். அவ்விதம் தேகத்தின் மீது நிகழும் எதுவும் நமது ஆராய்ச்சிக்கும் பொறுப்புக்கும் உட்பட்டதேயாகும்.

தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவர் வாடகைக் காரில் மதுரைக்கு வருவதாகக் கொள்வோம். அவருடைய பிரயாணம் கார் புறப்படும்போது தொடங்குவதில்லை; முந்தின நாள் மாலையிலேயே, வழியில் சிறுநீர் எடுக்க இடமிராது என்பதை முன் அனுபவத்தால் அறிந்து, அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும்போது தொடங்குகிறது. சிறுநீர் அடர்ந்து தொற்றுக்கும் கல்லுக்கும் வழி திறக்கிறது என்பதை நாம் வகுப்பறையில் போதிக்கிறோம். அவரும் அதைக் கேட்டிருக்கிறார். கேட்டும் குடிக்காமல் இருக்கிறாரென்றால் அது அறியாமை அன்று, நாலு பேர் நடுவில் ஆடை நனைந்துவிடக் கூடாதே என்ற மானத்தின் பொருட்டுச் செய்யும் தியாகம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் கதீட்டர் போட்டு எடுக்க வேண்டியவருக்கு நெடுஞ்சாலையில் படுத்துக்கொள்ள ஒரு பெஞ்சும் மறைப்புக்கு ஒரு கதவும் உள்ள கழிவறை எத்தனை இடங்களில் இருக்கிறது? விடியுமுன்னே எழுந்து மலம் கழிக்கச் செய்யும் கிரமத்தை முடித்தாக வேண்டும். அது ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். அவசரப்பட்டுப் பாதியில் விட்டால் காரிலேயே நேர்ந்துவிடும்.

பிறகு ஏற்றுதல். அக்குளில் ஒருவரும் முழங்காலில் ஒருவருமாகத் தூக்கிக் காருக்குள் வளைத்துத் திணிக்கும் அந்த நிமிஷத்தில், ஆண்டுக்கணக்காகப் பாரம் தாங்காமல் சுண்ணாம்புச் சத்து இழந்து மெலிந்துபோன தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிடக்கூடும். உணர்வில்லாத காலாகையால் அவர் அலறுவதில்லை; இரண்டு நாள் கழித்துக் கால் வீங்கிச் சிவந்து காண்கிறபோது அதை இரத்தக் கட்டி என்றோ தொற்று என்றோ எண்ணிக் காலம் போக்குவதும் உண்டு. பலகையின் மேல் சறுக்கி நாற்காலியிலிருந்து ஆசனத்துக்கு மாறும் வித்தையை நமது இயன்முறை வைத்தியர்கள் வார்டிலே சமமான இரண்டு கட்டில்களுக்கு இடையில் அழகாகக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் காரின் ஆசனமோ தாழ்ந்தும் உட்புறம் சரிந்தும் இருக்கிறது, ஆட்டோவின் ஆசனமோ நடுவில் ஒரு படியைத் தாண்டி உயர்ந்து நிற்கிறது.

ஏற்றியான பிறகு அவருடைய காற்று மெத்தையைக் காரின் ஆசனத்தின்மேல் போட்டால் தலை கூரையில் இடிக்கிறதென்று அதை எடுத்து டிக்கியில் வைத்துவிடுகிறார்கள். பதினைந்து நிமிஷம் முதல் அரை மணிக்கொரு தரம் பாரத்தை மாற்ற வேண்டிய இருக்கையெலும்பு, மூன்று நான்கு மணி நேரம் ஒரே நிலையில், சாலையின் குலுக்கலோடு, வெறும் ரெக்ஸின் மீது அழுந்திக் கிடக்கிறது. ஆறிவருகிற புண்ணைக் காட்டுவதற்கென்றே புறப்பட்டவர், வந்துசேரும்போது புதிதாக ஒன்றையும் கொண்டுவருகிறார் என்பது இத்துறையில் இருக்கும் எவருக்கும் புதிய செய்தி அன்று. நிமிர்ந்து உட்கார்ந்தபடியால் இரத்த அழுத்தம் தாழ்ந்து கண் இருள்கிறது. கழுத்து மட்டக் காயமாதலால், படுத்திருக்கையில் வயிறு உதரவிதானத்துக்குத் தந்த முட்டு நிமிர்ந்தவுடன் போய்விட, வயிற்றுக் கச்சு கட்டாவிட்டால் மூச்சும் சுருங்குகிறது. அக்னி நட்சத்திர காலமானால், காயத்துக்குக் கீழே வியர்வை சுரக்காத அந்தத் தேகம், நிழலில்லாத இடத்தில் நிறுத்திவைத்த வண்டிக்குள் வெகு சீக்கிரம் ஜுரம்போல் கொதித்துவிடும்.

இவற்றையெல்லாம் விட ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மார்பின் ஆறாவது முள்ளெலும்புக்கும் அதற்கு மேலும் காயம்பட்டவர்களுக்கு, தொடைக்கு அடியில் சிறுநீர்க் குழாய் மடிந்து பை நிரம்பினாலே போதும், ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று நாம் அறிந்திருக்கும் அந்த இரத்த அழுத்தக் கொந்தளிப்பு சில நிமிஷங்களில் எழும். சாதாரணமாக 90 முதல் 110 வரையில் இருப்பவருக்கு 150 என்பது ஆபத்தின் வாசல். அதை எடுத்துப் பார்க்கும் வழியோரத்து நர்ஸோ, வீட்டில் எவருக்காவது பார்த்துப் பழகிய எண்ணாயிற்றே என்று அமைதி கொள்கிறார். தலை பிளக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது என்று நோயாளி சொல்கையில், மயக்கம் வருகிறதென்று கருதி அன்போடு அவரைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். அவருக்கு அப்போது வேண்டியது இதற்கு நேர்மாறானது: நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, குழாயை ஆராய்ந்து மடிப்பை நீக்குவது. நிமிர்ந்தால் அழுத்தம் தாழ்ந்து மயங்கக்கூடிய ஒருவருக்கும், கிடந்தால் அழுத்தம் ஏறி மூளையில் இரத்தம் கசியக்கூடிய ஒருவருக்கும் வேறுவேறு வாகனம் தேவையென்றால் அது ஒருவாறு எளிது; இருவரும் ஒருவரே, ஒரே பிரயாணத்தில் இரண்டும் அவருக்கு நேரலாம் என்பதே உண்மை. சாய்க்கவும் நிமிர்த்தவும் இடங்கொடுக்கிற ஆசனம் இத்தகையவருடைய வாகனத்தில் அவருக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரையைப் போலவே அவசியமானது என்று நாம் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு இன்று கிடைக்கக்கூடிய வாகனங்கள் யாவை? 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடிவரும் 108 ஆம்புலன்ஸ் எண்ணற்ற உயிர்களைக் காத்த ஏற்பாடு. ஆனால் அது அவசர ஆபத்துக்கு உரியது, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குறித்த நாளில் வரும் பரிசோதனைக்கு உரியதன்று. தனியார் ஆம்புலன்ஸைப் பேசினால் வாடகை ஒரு கூலிக் குடும்பத்தின் சக்தியை மீறிப்போகிறது. சர்க்கார் வழங்கும், இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் கைகள் நன்றாக இருப்பவருக்குப் பெரும் விடுதலை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசனும் அவர் மாணவர்களும் கண்ட நியோபோல்ட் என்னும் சாதனமோ, சக்கர நாற்காலியின் முன்னே மாட்டிக்கொண்ட மாத்திரத்தில் அதையே சாலையில் ஓடும் மின்வாகனமாக ஆக்கிவிடுகிறது. இறங்கி ஏறும் துன்பமும் இல்லை, மெத்தையைப் பிரியவும் வேண்டியதில்லை. இவை ஊருக்குள் போய்வரப் போதும். விரலில் பிடிப்பில்லாத கழுத்துக் காயக்காரருக்கோ, நூறு மைல் தொலைவில் ஆஸ்பத்திரி உள்ளவருக்கோ இவை உதவமாட்டா.

எஞ்சுவது பொது வாகனம். மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருவோரும் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் 2021 முதல் கட்டணமின்றிச் செல்லலாம் என்பது தர்மமான உத்தரவு. ஆயினும் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் தளமும் மூன்று படிகளும் நடுவில் ஒரு கம்பியும் உள்ள பஸ்ஸில் சக்கர நாற்காலிக்காரர் எப்படி ஏறுவார்? டிக்கெட்டுக்குக் காசு வாங்காமையால் மட்டும் படி தாழ்ந்துவிடுவதில்லை. 650 மில்லிமீட்டர் உயரமுள்ள அரைத்தாழ்தளம் நடக்கக்கூடிய முதியோருக்குச் சற்று அனுகூலம்; சக்கர நாற்காலிக்கு 400 மில்லிமீட்டர் தாழ்தளமும், நிறுத்தத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கும் அமைப்பும், சாய்பலகையும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை. இதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்காடியவர்கள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர்கள். அவர்கள் வாதாடிய விஷயத்துக்கு வைத்திய சாட்சியம் சொல்ல வேண்டிய நாம் அப்போது எங்கே இருந்தோம் என்பதை நமது சங்கங்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வது நல்லது. 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பஸ்களும் புறப்பட்டன. இது அந்த உழைப்பின் பலன். அதை மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால் பஸ்ஸின் தளம் தாழ்ந்தால் மட்டும் காரியம் முடிவதில்லை. சாய்பலகையின் நீளம் ஒரு மீட்டர் என்றும், பஸ் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லிமீட்டர் உயர்ந்த நடைமேடையை ஒட்டிப் பஸ் நின்றால் ஏற வேண்டியது மிச்சமுள்ள 250 மில்லிமீட்டர்தான். ஒருவர் பின்னால் நின்று தள்ளினால் ஏறிவிடலாம். அதே பஸ் மேடையை விட்டு நடுச்சாலையில் நின்றால் பலகை தார்ச்சாலையில் இறங்கி, ஏற வேண்டிய உயரம் 400 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நாற்காலி பின்னோக்கிக் கவிழும் செங்குத்து அது. ஆகவே ஓட்டுநர் வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்பதும், நிறுத்தத்தின் முன்னால் யாருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்பதும் ஒரு நோயாளி ரிவியூவுக்கு வருவதையும் வராமற்போவதையும் நிர்ணயிக்கின்றன. மெட்ரோ ரயிலில் மேடையும் பெட்டியும் ஒரே மட்டம், மின்தூக்கியும் உண்டு. ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தவுடன் நடைபாதை அறுந்துபோகிறது.

நோயாளியை வரவழைப்பதற்குப் பதிலாக நாமே அவர் வீட்டுக்குப் போனால் என்ன என்ற யோசனை நியாயமானது. அதற்கு நல்ல முன்னோடிகளும் உண்டு. 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், தமது ஊராகிய ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மறுவாழ்வுப் பணி நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்தாரை அழைக்கக் கூடாது, கிராமத்துக்கே போக வேண்டும் என்பதை வாழ்ந்து காட்டினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீடு தேடிச் செல்லும் சர்க்கார் திட்டமான மக்களைத் தேடி மருத்துவமும், அண்மையில் எழும்பிவரும் விழுதுகள் என்னும் மறுவாழ்வு மையங்களும் அந்த வழியில் வருபவை. சிறுநீரகப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும்; ஆனால் பல ரிவியூக்களைத் தொலைபேசியில், படம் பார்த்து, வீட்டுக்கு வரும் இயன்முறை வைத்தியர் மூலம் முடித்துவிடலாம். ஒரு பயனும் இல்லாத பிரயாணத்தை ஒருவரிடமிருந்து நீக்குவதும் வைத்தியமே. எனினும் இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடு தேடிச் செல்லும் சேவை, வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதே இல்லை என்று சொல்வதற்கு ஒரு சமாதானமாக மாறிவிடக் கூடாது. மனிதர் ஆஸ்பத்திரிக்காக மட்டும் வெளியே போவதில்லை. தங்கையின் கல்யாணத்துக்கும், வாக்குச் சாவடிக்கும், கோயில் திருவிழாவுக்கும், சினிமாவுக்கும், சும்மா கடைத்தெருவைப் பார்த்து வரவும் போகிறார். இத்தேசத்தில் நமது துறையை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். ஆஸ்திரேலியாவுக்கும் பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ முன்னோடி ஹோவர்ட் ரஸ்கிடமும் சென்று பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக ஆதாரமாக இருந்தவர். அவர் பிரயாணம் செய்திராவிட்டால் அந்த நிலையம் இல்லை. அவருக்கு வாய்த்த துணைகளும் வசதிகளும் வாய்க்காமல் திண்ணையோடு நின்றுபோனவர்களில் எத்தனை ஆற்றல் தேங்கிக் கிடக்கிறதென்பதை யாரால் கணக்கிட முடியும்?

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பஸ் நிலையம், ரயில் நிலையம், வாகனம், சாலை ஆகியவற்றை எல்லாரும் அணுகத்தக்கனவாக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், தனி மனிதரின் நடமாட்டத்துக்கு, அவர் தாங்கக்கூடிய செலவில், சலுகை, வாகன மாற்றம், துணையாள் உதவி ஆகியவற்றைத் தரும் திட்டங்களை வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அணுகுதன்மை விதிகள் வெறும் யோசனைகளாக இருத்தலாகாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தும் இருக்கிறது. இந்த 41ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியை நம்மவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மாவட்டந்தோறும், 108க்கு வேறாக, முன்பதிவு செய்தால் சக்கர நாற்காலியோடு ஏற்றிச்சென்று கொண்டுவந்து விடும் வாகனங்கள் சில இருக்க வேண்டும் என்று சர்க்காரிடம் நாம் கேட்பதற்கு அதுவே ஆதாரம். செலவு அதிகம் என்பார்கள். ஒரு படுக்கைப் புண்ணை ஆற்றி மூட ஆகும் மாதக்கணக்கான வார்டு வாசத்தின் செலவை நாம் நம் கோப்புகளிலிருந்து எடுத்துக் காட்டினால் அந்த வாதம் நெடுநேரம் நிற்காது.

நமது கையிலேயே இருக்கும் காரியங்களும் பல. சக்கர நாற்காலியை எழுதிக் கொடுக்கையில் அதன் அகலத்தையும் மெத்தையையும் பார்க்கிறோம். ஓடும் வாகனத்தில் அதைத் தரையோடு நான்கு முனைகளிலும் வாரால் பிணைக்க அதில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற அளவுகோல் உலகில் வழங்குகிறது. மடக்கு நாற்காலியைப் பிணைக்காமல் வேனில் ஏற்றி, உறவினர் ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நம்மிடம் வழக்கமாக இருக்கிறது, பிரேக் போட்டால் அந்தப் பிடி எந்த மூலைக்கு? வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு தரமாவது நோயாளியையும் அவரைத் தூக்கப்போகிறவர்களையும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உண்மையான ஆட்டோவிலும் காரிலும் ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவுக்கு என்ன செய்வது என்பதையும், அவருடைய வழக்கமான இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் தமிழில் எழுதிய ஒரு சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சிறுநீரகம், தோல், எலும்பு, காலணி என்று நான்கு பிரிவுகளுக்கு நான்கு தேதி கொடுத்து நான்கு தரம் அவரை இழுத்தடிக்கும் கொடுமையை, பிரிவுத் தலைவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து பேசினால், ஒரே வாரத்தில் நிறுத்திவிட முடியும். காத்திருக்கும் நேரத்தில் அவர் படுத்துக் கிடக்க ஒரு கட்டிலும், கதீட்டர் போட ஒரு மறைவும் வெளிநோயாளிப் பிரிவில் இருந்தால் முந்தின நாள் முதல் அவர் தண்ணீர் குடிக்காமல் வர வேண்டிய நிர்ப்பந்தமும் குறையும்.

இவ்விதழும் தன் பங்கைச் செய்யக் கடமைப்பட்டது. தண்டுவடப் பாதிப்பு, பக்கவாதம், தசைச் சிதைவு முதலிய நோய்களில் நீண்டகாலத் தொடர்ச்சியை ஆராய்ந்து எழுதப்படும் கட்டுரைகளை இனி நமக்கு அனுப்புகிறவர்கள், நோயாளிகள் எத்தனை தூரத்திலிருந்து எந்த வாகனத்தில் எவ்வளவு செலவில் வந்தார்கள் என்பதையும், நடுவில் வராமற்போனவர்களை வீடு தேடியோ தொலைபேசியிலோ விசாரித்ததில் கிடைத்த காரணத்தையும் அட்டவணையில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்த விவரம் இல்லாத கட்டுரைகள் அடுத்த இதழ் முதல் பரிசீலனைக் குழுவுக்குப் போகுமுன்பே ஆசிரியர்களுக்குத் திருப்பி அனுப்பப்படும்.